முக்குளியின் குரல்

பிலோமி செய்து அனுப்பிய ஏழாவது குரலையும் சென்னையில் ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் சுந்தரராஜ் போனில். "ஆனா இது மாடு கத்துற மாதிரி இருக்கு. முக்குளி கத்துற மாதிரி இல்ல."

முக்குளி ஒரு கார்ட்டூன் கடல்பசு. ஐம்பது வருடங்களுக்கு முன்னால் எங்கோ வெளிநாட்டில் வரைந்தது. பிலோமிக்கு எட்டு வயதிருக்கும்போது அது தமிழ் பேசிக்கொண்டு டிவிக்கு வந்தது. சாம்பல் நிறத்தில் உருண்டையான உடம்பு, கழுத்தில் சிவப்புத் துண்டு. சந்தோஷம் வந்தாலும் பசி வந்தாலும் வாயைத் திறக்காமலே "ம்ம்மோ" என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்குப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் அடி வாங்கியவள் பிலோமி.

இப்போது அதையே டிவி தொடராகப் புதிதாக எடுக்கிறார்கள். புதுப் படம், புதுக் கதை. ஒரு நாட்டில் வரைந்து இன்னொரு நாட்டில் வண்ணம் சேர்க்கிறார்கள். சத்தங்கள் செய்யும் வேலை மட்டும் சென்னையில் சுந்தரராஜின் கம்பெனிக்கு வந்திருந்தது. பிலோமி அவரிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. தூத்துக்குடியில் ஜார்ஜ் ரோட்டுக்குப் பின்னால், மாடி அறையில் சுவரெல்லாம் மெத்தையை ஒட்டிவைத்து அங்கிருந்தே வேலையை முடித்துக் கொடுத்தாள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஓயும் நேரம் பார்த்துத்தான் மைக்கைத் திறக்க முடியும்.

பழைய கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அசல் டேப் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. கையில் இருக்கும் பிரதியில் முக்குளியின் குரலோடு இசையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடந்தது. அதனால் எல்லாச் சத்தத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும், முக்குளியின் குரல் மட்டும் பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. பிலோமி பால்காரர் வீட்டுப் பசுவைப் பதிவு செய்து பார்த்தாள். காலித் தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டுக் கத்திப் பார்த்தாள். சங்கை ஊதி அதை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டும் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை.

அலுத்துப்போய் அந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு, கடலுக்கடிச் சத்தத்தை எடுத்தாள். பழைய படத்தில் அது எப்படி இருந்ததென்று பார்க்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூர்ந்து கேட்டாள். குமிழ் குமிழாக ஒரு சத்தம். எட்டு வினாடிக்கு ஒருமுறை அதே குமிழ்கள் திரும்பி வந்தன. நடுவில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஒருவர் தம்ளரில் உறிஞ்சுகுழலை விட்டு ஊதியிருக்கிறார். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் அதைக் கடல் என்று நம்பி வளர்ந்திருக்கிறார்கள். அவளும்தான்.

'நடந்துபோற தூரத்துல கடல வச்சிக்கிட்டு, நான் போயி இன்னொருத்தர் தம்ளரக் காப்பியடிக்கவா?'

அன்று சாயங்காலமே வேம்பாரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு போன் போட்டாள். அக்கா ஜாஸ்லினின் கணவர் மனுவேல் சங்கு குளிக்கிறவர். சொந்தமாக ஒரு பைபர் வள்ளம் வைத்திருக்கிறார்.

"அத்தான், சனிக்கிழம நானும் உங்க கூட கடலுக்கு வாரேன்."

"எதுக்குளா? மீன் வேணும்னா சொல்லு, பஸ்ல குடுத்துவிடுதேன்."

"மீன் வேண்டாம் அத்தான். சத்தம் வேணும்."

"சத்தமா? அங்க என்ன சத்தம் கெடக்கு? கீழ எறங்குனா எண்ணெயில என்னத்தையோ போட்ட மாதிரி ஒரு பொரிச்சல் கேக்கும். அம்புட்டுத்தான்."

"அந்தப் பொரிச்சல்தான் வேணும்."

மனுவேல் சிரித்தார். வேலை கெடுமே என்று முனகினாலும் வரச் சொல்லிவிட்டார்.

பங்குனி மாதம். காற்று விழுந்து, கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. விடிந்தும் விடியாமலும் கிளம்பி, தெற்கே முக்கால் மணி நேரம் ஓடி, கடல்புல் வளர்ந்து கிடக்கும் இடத்தில் மனுவேல் இஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டார். மூன்று பாகம், மூன்று ஆள் ஆழம்தான். மேலிருந்து பார்க்கவே தரையில் புல் அசைவது தெரிந்தது. பிலோமி நீருக்கடி மைக்கை மெல்ல இறக்கினாள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அது. கூடவே நீளமான ஒயர். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஆழம் என்றால் அமைதி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அங்கே திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. பக்கத்திலும் தூரத்திலும், மேலும் கீழுமாக, கோடிக்கணக்கில் சின்னச் சின்ன வெடிப்புகள். கொஞ்ச நேரம் கேட்டபின் அதற்குள்ளேயே வேறு வேறு சத்தங்கள் பிரிந்து தெரிந்தன. மீன் ஒன்று பல்லால் எதையோ சுரண்டியது. இன்னொன்று தொண்டையைச் செருமுவது மாதிரி இரண்டு தடவை உறுமிவிட்டுப் போனது. எல்லாவற்றுக்கும் அடியில், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்களின் முழக்கம் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த கடல்தான். கால் நனைத்த கடல்தான். அது இத்தனை காலமும் வாயை மூடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது என்பது அவளுக்கு முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். மனுவேல் ஒரு தடவை கொட்டாவி விட்டார். அப்போதுதான் அது கேட்டது.

கீச். கீச்சுக் கீச்சு.

ஒயரில்தான் கோளாறு என்று பிலோமி நினைத்தாள். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மறுபடியும் கீச்சுக் கீச்சு. பிறகு நீளமாக, யாரோ நாக்கைச் சுழற்றி விசிலடிப்பது மாதிரி, ட்ரீ என்று ஒரு இழுப்பு. குருவிச் சத்தம் போலவே இருந்தது. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு பறவைகூட இல்லை.

"அத்தான், இதக் கொஞ்சம் கேளுங்க." ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள்.

கேட்டதும் மனுவேலின் முகம் மாறிப்போனது. பிலோமி பயந்துவிட்டாள்.

"என்ன அத்தான்?"

"ஏளா, இது என் காதுல உள்ள சத்தம்லா," என்றார் அவர். "உன் மிஷினுக்குள்ள எப்படி வந்துச்சி?"

"உங்க காதுல உள்ளதா?"

"அஞ்சு வருசமாச்சி. இதே புல்லுல சங்கு பெறக்கும்போது காதுக்குள்ள விசில் அடிக்க ஆரம்பிச்சிச்சி. சவ்வு கிழிஞ்சிட்டு, செவிடாயிருவோம்னு பயந்து ஒரு சீசன் முழுக்கக் கடல்ல எறங்கல. தூத்துக்குடி காது டாக்டரு எல்லாம் பாத்துட்டு, உமக்கு ஒண்ணும் இல்ல, போயிட்டு வாரும்னாரு. நான் நம்பல. இப்பவும் தெனமும் சொட்டு மருந்து விடுதேன். உங்கக்காவுக்குக்கூடத் தெரியாது."

அவர் சொல்லி முடிக்கவில்லை, வள்ளத்துக்கு இருபது கை தூரத்தில் புஸ்ஸென்று தண்ணீர் பிளந்தது. சாம்பல் நிறத்தில் அகலமான மூக்கு. அடுத்து வழுவழுவென்று ஒரு நீண்ட முதுகு. அதன் பக்கத்திலேயே, ஒட்டிக்கொண்டு, இன்னொரு சின்ன மூக்கு.

"மாதாவே," என்றார் மனுவேல். "ஆவுளியா."

கரைக்காரர்கள் கடல்பசுவை அப்படித்தான் சொல்வார்கள். தாயும் குட்டியும் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போயின. மனுவேல் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்து மறு பக்கத்தைப் பிலோமியின் காதில் வைத்தார். தலையோடு தலை சேர்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு இருவரும் கேட்டார்கள். கீழே தெளிந்த நீரில் இரண்டு நிழல்களும் புல்லை மேய்ந்தபடி நகர்வது தெரிந்தது. குட்டி கொஞ்சம் விலகிப் போனால் கீச்சுக் கீச்சு என்று அவசரமாக ஒரு சத்தம் வரும். உடனே அந்த நீண்ட இழுப்பு பதில் சொல்லும். குட்டியின் நிழல் திரும்பி வந்து தாயின் நிழலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

"கூப்பிடுதுளா," என்றார் மனுவேல் மெதுவாக. "பிள்ளையக் கூப்பிடுது."

மாட்டை விடப் பெரிய உடம்பு. அதற்குள்ளிருந்து உள்ளங்கையில் அடங்கும் ஒரு குருவியின் குரல். யார் யோசித்திருப்பார்கள்?

இருபத்தேழு நிமிடம் பதிவானது. அதன் பிறகு நிழல்கள் தெற்குப் பக்கம் போய் மறைந்தன. மனுவேல் நங்கூரத்தைத் தூக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நான் சின்னதுல இதோட கறி தின்னிருக்கேன் பிலோமி. அப்பல்லாம் பிடிச்சிட்டு வந்தா ஊருக்கே பங்கு வைப்பாங்க. இப்ப வலையில மாட்டுனாலும் அவுத்து விட்டுருதோம், அது வேற. ஆனா இது பேசும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

அன்று ராத்திரியே பிலோமி பதிவுகளைச் சென்னைக்கு அனுப்பினாள். மறுநாள் சுந்தரராஜிடமிருந்து போன் வந்தது.

"கடல் சத்தம் பிரமாதம்மா. ஆனா ரெண்டாவது ஃபைல் மாறிப்போய் வந்திருக்கு. ஏதோ குருவி கத்துது."

"மாறல சார். அதுதான் முக்குளி."

போனை வைக்காமலே அவர் அதை மறுபடியும் ஓடவிடுவது பிலோமிக்குக் கேட்டது. முழுவதும் கேட்டார். திரும்ப முதலிலிருந்து கேட்டார்.

"முப்பது வருஷமா சத்தத்துலயே கெடக்கேன்," என்றார் கடைசியில். "எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொழில்காரர் ஆனார். "ஆனா இத வைக்க முடியாது. சின்ன வயசுல பாத்தவங்கதான் இப்ப பிள்ளைங்களக் கூட்டி வச்சுக்கிட்டுப் பாக்கப் போறாங்க. முக்குளி 'ம்ம்மோ'ன்னு சொல்லலேன்னா டிவிய ஒடச்சிருவாங்க."

"முக்குளி அப்படியே சொல்லட்டும் சார். நாலாவது கதையில அது வழிதவறிப் போயி அம்மாவத் தேடுதுல்ல? பழைய படத்துல அம்மாவே வரல. அம்மாவுக்குன்னு பழைய குரல் எதுவும் கிடையாது. யாரும் மாத்திட்டோம்னு சொல்ல முடியாது."

சுந்தரராஜ் யோசித்தார். "நீ பெரிய ஆளும்மா," என்றார். "அனுப்பிப் பாப்போம்."

எட்டாவது குரலைப் பிலோமி அன்றைக்கே செய்து முடித்தாள். பசுவும் வேண்டாம், டிரம்மும் வேண்டாம். அந்தப் பழைய "ம்ம்மோ" நிஜ மிருகம் எதன் குரலும் இல்லை, யாரோ ஒரு மனிதர் குழந்தைகளைச் சிரிக்கவைக்கப் போட்ட சத்தம் என்று இப்போது அவளுக்குப் பளிச்சென்று புரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு, பசிக்கும் பிள்ளை அம்மாவிடம் கொஞ்சுவது மாதிரி ஒரே ஒரு தடவை சொன்னாள். ஒரு திருத்தமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

தாயின் குரலுக்கு மட்டும் பதில் வரவில்லை. ஒரு வாரம் போனது. பதினாறாவது நாள், வெளிநாட்டிலிருந்து ஒரே வரியில் கடிதம் வந்தது. அந்தக் காட்சியில் இசையை எடுத்துவிட்டோம், நாற்பது வினாடிக்கு இந்தக் குரல் மட்டும் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

படம் முடிந்து வெளிவர ஒரு வருடம் ஆகிவிட்டது. நாலாவது கதையைப் பிலோமி வேம்பாரில் அக்கா வீட்டில்தான் பார்த்தாள். மனுவேல் டிவி முன்னாலிருந்து அசையவில்லை. ஜாஸ்லின் கையில் வெங்காயத்தோடு வந்து நின்றாள். அவர்களுடைய மகள்கள் இருவரும், பக்கத்து வீட்டு ஆட்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இருட்டுக் கடல். சிவப்புத் துண்டு கட்டிய முக்குளி தனியாக நின்று "ம்ம்மோ" என்று அழுதது. பதில் இல்லை. மறுபடி அழுதது. அப்போது எங்கோ தொலைவிலிருந்து அந்த நீண்ட இழுப்பு வந்தது.

திரையில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு மலை மாதிரி தாய் வந்தது. வந்துகொண்டே கூப்பிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு மெல்லிய குரல். பக்கத்து வீட்டு ஏசுவடியான், கடலில் நாற்பது வருடம் இருந்தவர், தலையில் கட்டியிருந்த துண்டைத் தன்னையறியாமல் அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

காட்சி முடிந்ததும் மனுவேல்தான் முதலில் வாய் திறந்தார். "எல்லாஞ்சரி. தாய் ஒரு பாஷை, பிள்ளை ஒரு பாஷை பேசுதே. அது எப்படிளா?"

"நம்ம வீட்டுல மட்டும் என்னவாம்?" என்றாள் ஜாஸ்லின். "நான் ஒண்ணு கேட்டா உம்ம மவளுவ இங்கிலீஷ்லதான பதில் சொல்லுதாளுவ. அது வந்து சேந்துட்டுல்ல, அது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜாஸ்லின் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"கல்யாணம் ஆகி இருவது வருசமா இந்த மனுசன் கடலுக்குப் போறாரு. அங்க என்ன கேக்கும்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. பிலோமி, அந்த மைக்கு உன்ட்டதான் இருக்கு? நாளைக்குப் பூச முடிஞ்சதும் என்னையும் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் மூவரும் போனார்கள். கடலில் அலை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஜாஸ்லினுக்குத் தலை சுற்றியது. ஒரு தடவை வாந்தி எடுத்தாள், இருந்தும் திரும்பிப் போகச் சம்மதிக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வள்ளத்தின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஆவுளியா வரவில்லை. வெயில் ஏறும் வரைக்கும் ஜாஸ்லின் ஹெட்போனைக் கழற்றவும் இல்லை.