நாற்பது மூடிகள்

ஸ்டேஷன் மாஸ்டராக முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்குள்ளும் வண்டி வரப்போகிற மாதிரியே விறைப்பாக நிற்பார். அவருடைய ஒரே மகளுக்குத் தசை வலுவிழக்கும் நோய். கட்டட வரைபடம் போட்ட கை வருடத்துக்கு வருடம் தளர்ந்து, கடைசியில் பேனாவை விட்டது. அலுவலகம் அவளை விட்டது. எட்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு, மருந்துப் புட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்று வேலை கொடுத்தது.

வாரம் நாற்பது புட்டி வீட்டுக்கு வரும். ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்க்க வேண்டும். திறக்க வராததைத் தாளில் குறித்து அனுப்ப வேண்டும். அந்த மூடியைத் திருத்துவார்கள்.

"முடியலைன்னு எழுதிக் குடுக்க ஒரு வேலையாம்மா?"

"ஆமாப்பா. கை மோசமாக ஆக, வேலை இன்னும் நல்லா நடக்கும். வேற எந்த ஆபீஸ்ல இப்படிச் சொல்வாங்க?"

மகள் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அக்கம்பக்கத்தில் அவர் மகளை 'தர ஆய்வாளர்' என்று சொல்லிவைத்தார். அது பொய்யும் அல்ல.

முதல் வாரத் தாளைப் பார்த்தபோதுதான் அவருக்கு உடம்பு கூசியது. இருபத்தேழு இடத்தில் 'முடியவில்லை'. கீழே மகளின் பெயர். பெயருக்கு முன்னால் அவருடைய இனிஷியல். அந்தக் குடும்பத்தில் எவரும் முடியாது என்று எழுதிக் கொடுத்ததில்லை. அவருடைய அப்பா மூச்சு நிற்கும்வரை முடியும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த பெட்டி வந்த மதியம், மகள் கண் அயர்ந்த நேரத்தில், மூடிகளைத் துண்டால் மூடிப் பிடித்து, குழாய் முடுக்கும் ரிஞ்சினால் நாற்பதையும் கால் சுற்று தளர்த்தி வைத்தார். அதற்கடுத்த இரண்டு வாரமும் அப்படியே. தாள்கள் மாசு மருவில்லாமல் போயின.

மகள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்க் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்தாள். அது அசையவில்லை. மறுநாளும் பார்த்தாள். அவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் தொழிற்சாலையின் பொறியாளர் அம்மாள் நேரில் வந்தாள்.

"மூணு வாரமா எல்லாத்தையும் திறந்திருக்கீங்க. கை தேறினதுல ரொம்ப சந்தோஷம்மா. ஆனா எங்களுக்குத் திறக்க முடியாத ஆள்தான் வேணும். வேற ஒருத்தரைப் பார்த்துக்கறோம். உங்க தாளை நம்பி இந்த மூடியையே நாளையிலேர்ந்து செய்யச் சொல்லிட்டேன்."

"சரிங்க மேடம்," என்றாள் மகள். முகம் மறுபடி சுவர்ப் பக்கம் போனது.

அவர் எழுந்து நின்றார். வண்டி தாமதம் என்று அறிவிக்கும் குரல் வந்தது.

"செய்யறதை நிறுத்தச் சொல்லுங்க. என் மகளால திறக்க முடியாது. நான்தான் ரிஞ்சு வச்சுத் தளர்த்தினேன்."

"அப்பா! நான் தேறிட்டேன்னு டாக்டருக்கு போன் வேற பண்ணிட்டேன்ப்பா!"

"தப்புதான்." அந்த வீட்டில் அந்தச் சொல்லும் புதிது.

பொறியாளர் அம்மாள் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினாள். "நீங்க திறங்க சார். வெறுங்கையால."

திருகினார். துண்டு போட்டுத் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது. புட்டியை மேஜையில் நேராக வைத்தார்.

"இதுல ஏதோ கோளாறு."

மகள் தடித்த பேனாவை முஷ்டியில் பிடித்துத் தாளில் மெதுவாக எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். 'ஆண், வயது எழுபத்திரண்டு. திறக்க முடியவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.'

"கடைசி வரியை அடிச்சிடு."

"அது இருக்கட்டும் சார்," என்றாள் பொறியாளர் அம்மாள். "எங்களுக்கு அதுதான் தெரியணும்."

அடுத்த வாரம் எண்பது புட்டி வந்தது. வீட்டில் இரண்டு தர ஆய்வாளர்கள் இருப்பதாக அவர் பக்கத்து வீட்டில் சொன்னார். ரிஞ்சு மட்டும் மகளின் தலையணைக்கு அடியில் இருந்தது.