காத்து மிஷின்

பிளக்கைப் பிடுங்கியது அக்காதான். அம்மாவின் கட்டிலோரம் ஒரு வாரமாக உறுமிக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் மிஷின் ஒரு பீப் அடித்துவிட்டு ஓய்ந்தது. காத்து மிஷின் என்றுதான் அம்மா அதைச் சொல்லிவந்தாள், முந்தாநாள் நினைவு தப்பும்வரை.

மருந்துப் பையோடு உள்ளே நுழைந்த தம்பி அப்படியே நின்றுவிட்டான். பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். அம்மாவுக்காகக் கடையை மூடி நாலு நாளாகிறது.

"என்னக்கா பண்ற?"

"கீழ கொண்டு போகணும். ஒரு கை பிடி."

கீழ்வீட்டுச் சலவைக்கடைக்காரரின் மனைவி காலையிலிருந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை; இரண்டு பெண் குழந்தைகள். இருமல் தரை வழியாக மாடிவரை கேட்டது.

"அம்மா இன்னும் உயிரோட இருக்காக்கா."

"இருக்கா. ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டு. இதெல்லாம் தெரியற நிலைமையை அவ தாண்டிட்டா. கீழ இருக்கறவ பொழைக்க வழியிருக்கு."

அக்கா ஒருகாலத்தில் தெருவே மெச்சிய தாராளக்காரி. மிஞ்சின சோறு, சாயம் போன துணி, வார் அறுந்த செருப்பு என்று எதையாவது மூட்டை கட்டிக் கொடுத்து, தங்கமான மனசு என்று பேர் வாங்கியவள். நர்ஸ் வேலைக்கென்று பஞ்சத்தில் அடிபட்ட ஒரு நாட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் குப்பை கொட்டியதில் ஆளே மாறிவிட்டாள். போன லீவில் வந்தபோது பழைய துணியையெல்லாம் கரித்துணியாகக் கிழித்துப் போட்டுவிட்டு, அம்மா போர்த்தியிருந்த புதுக் கம்பளியை உருவி, வாசலில் கேட்டு நின்றவளிடம் கொடுத்தாள். "நமக்கு வேண்டாததைக் குடுத்தா அதுக்குப் பேரு குடுக்கறது இல்லம்மா, கழிச்சுக் கட்டறது" என்றாள். "அப்ப எனக்குக் குளிராதாடி?" என்று கேட்ட அம்மா, பிறகு பத்து நாள் அக்கம்பக்கத்தில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தம்பியும் சிரித்தான்.

இன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன்னோடதை நீ குடு. கிட்னியைக்கூடக் குடு. அம்மாவோடதைக் குடுக்க நீ யாரு?"

அக்கா டியூபைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "அங்க ஒரு கட்டிலுக்கு மூணு பேரு. வார்டுக்கே ஒரு சிலிண்டர். இவளுக்கு வைங்கன்னு தினமும் நான்தான் கையைக் காட்டணும். ஒருத்திக்குக் குடுக்கறதுன்னா இன்னொருத்திகிட்டேருந்து எடுக்கறதுதான்டா. உங்களுக்கெல்லாம் அது கண்ணுல படறதில்ல, அவ்வளவுதான்."

"அங்க இருந்தவங்க யாரும் உன் அம்மா இல்ல."

"யாரோட அம்மாவோதான்."

கீழே இருமல் சட்டென்று நின்றது. மறுபடி அது தொடங்குவதற்குள் அவன் குனிந்து மிஷினின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தான். ஏன் பிடித்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை. படியிறங்கும்போது, "சுவத்துல இடிச்சுடாதக்கா, பெயிண்ட் உரிஞ்சிடும்" என்று வேறு சொன்னான். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சலவைக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்புடறதை அப்புறம் வச்சுக்கலாம், பிளக் எங்க இருக்கு?" என்று சிடுசிடுத்தாள் அக்கா.

அக்கா சொன்ன கெடுவுக்கு அம்மா அடங்கவில்லை. மணி ஒன்றானது, மூன்றானது. வாயைத் திறந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்தாள். புருவங்களுக்கு நடுவே ஆழமாக ஒரு சுருக்கம் விழுந்திருந்தது.

"வலிக்குமாக்கா?"

"அவளுக்குத் தெரியாதுடா."

நான்கு மணிக்கு மறுபடி கேட்டான். அக்கா ஈரப்பஞ்சால் அம்மாவின் உதட்டை நனைத்தாள்.

நாலரைக்குக் கீழே ஓலம் எழுந்தது. பெரியவள் குரல் முதலில், பிறகு சின்னவள் குரல்.

கொஞ்ச நேரம் கழித்துச் சலவைக்கடைக்காரர் மிஷினைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். துணி மடித்துப் பழகிய கை. டியூபைக்கூட நேர்த்தியாகச் சுற்றி மேலே வைத்திருந்தார்.

"அவ போயிட்டா. அம்மாவுக்கு வைங்க. எங்களால இவ்வளவு நேரம்..." என்றபடி மிஷினைக் கட்டிலோரம் இறக்கி வைத்தார்.

அக்கா எழுந்தாள். "குளிப்பாட்டப் பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார். மிஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் அவரோடு இறங்கிப் போனாள்.

தம்பி பிளக்கைச் செருகி, அம்மாவின் முகத்தில் மாஸ்க்கை வைத்தான். பத்து நிமிடம் போனது. இழுப்பு மெல்லத் தணிந்தது. புருவச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து நெற்றி வழுவழுவென்று ஆனது. அப்படியென்றால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மத்தியானம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதான்.

படியில் காலடி கேட்டது. அவசரமாக முகத்தைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலுக்கும் அம்மாவின் முகத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

"எப்படியிருக்கா?"

"அப்படியேதான் இருக்கா. இதை வச்சும் ஒண்ணும் வித்தியாசமில்லக்கா."

பதினோரு வருஷம் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வேலை பார்த்தவள் அவள். அக்கா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கை காய்ந்த பிறகும்.