யாரையும் மாற்றச் சொல்லாத வேலை

ஒன்றாகச் சேர்ந்துவிட்ட இரண்டு மருந்துக் கம்பெனிகளுக்கு நடுவே அவனுக்கு வேலை. ஒன்றின் கணினி மருந்தை அட்டை அட்டையாக எண்ணும். மற்றது மாத்திரை மாத்திரையாக எண்ணும். ஒன்றில் தேதி முன்னால், மற்றதில் மாதம் முன்னால். எதையும் தொட்டு மாற்றக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் உறை எழுதினான். உள்ளே இருப்பது எந்த மொழியில் முனகினாலும் உறை அதைப் பொது மொழியில் வெளியே சொல்லும். உறைகளுக்கு நடுவே ஒரு நிரல். கேள்வி அதனிடம் வரும். இரண்டு பக்கமும் விசாரித்து, கோணலை நிமிர்த்தி, ஒரே பதிலாகத் தரும். ஆபீசில் அதற்குத் தரகர் என்று பெயர்.

"தரகர் இருக்கிற வரைக்கும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசவே வேணாம். அதான் இதுல அழகு," என்பாள் குழுத்தலைவி.

வீட்டிலும் அதே அழகுதான். மனைவியின் சிகிச்சைக்காக மாமனார் வீட்டுக்கு வந்தவன், அவள் இறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டான். ஆபரேஷன் வேண்டும் என்றது மாமா, வேண்டாம் என்றது அத்தை. அவள் போன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பேச்சுக்கு அவன் இருந்தான்.

"மாப்ளே, உப்பு டப்பாவுக்குப் பூட்டு போட்டாச்சான்னு உங்க அத்தைகிட்ட கேளுங்க."

"அத்தை, மாமாவுக்குக் கொஞ்சம் உப்பு."

"ரத்தக்கொதிப்பு ஏறி விழுந்தா தூக்க எனக்குத் தெம்பு இல்லைன்னு சொல்லுங்க."

"உப்பு உடம்புக்கு ஆகாதாம் மாமா. அத்தை கவலைப்படுறாங்க."

இருவரும் உட்கார்ந்திருப்பது ஒரே மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில். ஆனாலும் அவன் வாய் வழியாக வந்தால்தான் காதில் விழும். வருகிற வழியில் சொல்லின் முள்ளைக் கிள்ளிவிட்டுக் கொடுப்பான்.

கம்பெனி வெளியூரில் மூன்றாவதாக ஒன்றை வாங்கியது.

"அங்க போய் உக்காந்து உறை எழுத ஆள் வேணும். ஒரு வருஷம். போறியா?" என்றாள் குழுத்தலைவி. "திங்கக்கிழமை சொன்னா போதும்."

அங்கேயே சரி என்று சொல்ல வாய் வந்தது. மனைவியின் துணிகள் தொங்காத ஓர் அறையில் தூங்கினால் போதும் என்றிருந்தது. ஆனால் அவன் போனால் அந்த வீட்டில் யார் யாரிடம் உப்புக் கேட்பது?

அந்த வெள்ளிக்கிழமை தரகர் படுத்துவிட்டார். அவன் எழுப்புவதற்குள் இரண்டு கம்பெனிகளின் கிடங்குக்காரர்களும் போனில் ஒருவரையொருவர் பிடித்துவிட்டார்கள்.

"அட்டைன்னா எத்தனைய்யா? பத்தா, பதினஞ்சா? வாயத் தொறந்து சொல்லித் தொலை!"

கத்தினார்கள், வைதார்கள். மருந்து போய்ச் சேர்ந்தது. நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் பேசிவிடுவார்கள் என்று அவனுக்குப் பட்டது.

ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"மாப்ளே, உங்க அத்தைகிட்ட..."

"நீங்களே சொல்லுங்க மாமா." தட்டைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கு வெளியூர்ல வேலை வந்திருக்கு. நாளைக்குச் சரின்னு சொல்லப் போறேன். இனிமே நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கணும்."

அத்தையின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது. மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள்.

அவள் அப்படிக் கூப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது. பலித்துவிட்டது என்று நினைத்தான்.

"அவரைப் போக விட்டுடாதீங்க."

"விடுவேனா?" என்றார் மாமா, அவளிடமே. "இவரும் போயிட்டா நமக்கு யாரு இருக்கா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒரே பதில். நிமிர்த்த ஒரு கோணலும் இல்லை. அத்தை அழுதாள். மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவன் கை காய உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் பொறுத்து மாமா தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, உங்க அத்தைகிட்ட தண்ணி கேளுங்க."

ஜாடி அத்தையின் முழங்கையை ஒட்டித்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்துக் காத்திருந்தாள்.

"அத்தை," என்றான், "மாமாவுக்குத் தண்ணி."