அம்சாவின் வலது கால்

அம்சாவுக்கு வலது முழங்கால் விண்ணென்று தெறித்தது. வாரத்தில் ஆறு நாள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் மிதிக்கிற கால். ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஓய்வு என்று நினைத்திருந்தாள். புருஷன் வரதனோ அதற்குக் கார் பிரேக் மிதிக்கும் உத்தியோகம் போட்டு வைத்திருந்தான்.

வாடகைக்கு ஓட்டுகிற பழைய கார், பிரேக் மந்தம். மறுநாள் விடியற்காலையில் செங்கல்பட்டிலிருந்து திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குச் சவாரி. வரன் அமையாத ஒரு பெண்ணும் அவள் வீட்டார் மூன்று பேரும். பெருமாள் மாப்பிள்ளை கொடுப்பார், பிரேக் கொடுக்க மாட்டார். அதனால் வரதன் பன்னிரண்டு நிமிட வீடியோவைப் பாதி பார்த்து மெக்கானிக் ஆகிவிட்டான்.

அவள் காரில் உட்கார்ந்து பிரேக் மிதியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அவன் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள நிப்பிளைத் திறந்தால் பழைய பிரேக் ஆயில் டியூப் வழியாகப் பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தினால் காற்று புகுந்துவிடும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"புடி... புடி... இப்ப வுடு."

முதல் சக்கரத்தில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில் வந்தது. இரண்டாவதில் வெறும் குமிழி. மிதி பொதக்கென்று தரையைத் தொட்டது.

"காலைத் தூக்கிட்டியாடி?"

"தூக்கலய்யா."

"தூக்காம காத்து எப்டிப் பூந்துச்சு? ஒரு காலை ஒயுங்கா வெக்கத் தெரில. உன்னயெல்லாம் கம்பெனில எப்டிதான் வெச்சிகினு கீறானோ!"

"அங்க யாரும் படுத்துகினு வேலை பாக்கறதில்ல. அதான் வெச்சிகினு கீறான்."

இன்னும் இருபது தடவை அமுக்கினாள். இன்னும் குமிழி.

வரதன் ஸ்பேனரை வீசினான். "உன்னால பேஜாரு. வுடு, நாளைக்கு ஹேண்ட்பிரேக்லயே ஓட்டிகினு போறேன்."

"ஈசிஆர் ரோட்லயா? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமா, கருமாதியா?"

அம்சா நொண்டிக்கொண்டே இறங்கினாள். கம்பெனியில் தையல் விட்டுப்போனால் முதலில் பாபினில் நூல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சூப்பர்வைசர்கூட அதற்குப் பிறகுதான் திட்டுவான்.

"இந்த ஆயிலு எங்கேந்துயா வருது?"

பானெட்டுக்குள் மூலையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினான். திறந்தாள். காய்ந்து கிடந்தது. புது ஆயில் பாட்டில் சீல் உடையாமல் பக்கத்திலேயே நின்றது.

"இன்னாயா இது?"

"பழசு மொத்தமும் வடிஞ்சப்பறம் ஊத்தலாம்னு... இன்ஜின் ஆயிலு அப்டிதான மாத்துவோம்."

"அப்ப காத்து என் கால் வழியாவா போச்சு?"

வரதன் வீசிய ஸ்பேனரைத் தேடப் போனான்.

அவளே ஊற்றினாள். முதல் சக்கரத்திலிருந்து மறுபடி நான்கும். பத்து மிதிக்கு ஒரு தடவை "நிறுத்து" என்று சொல்லி, இறங்கிப் போய் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் மிதி கல்லாக நின்றது.

திங்கள்கிழமை ஈசிஆரில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது கார் ஒரு முழம் முன்பாகவே நின்றது. பெண்ணின் அப்பா பிரேக்கைப் புகழ்ந்தார். "வூட்லயே நானே மாத்தினதுங்க" என்றான் வரதன்.

அம்சாவிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி. இன்னும் கேட்கவில்லை.