மூன்றாவது டின்

கோழிக்கு முட்டைப்பெட்டி செய்வது பெரிய வித்தை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். மஞ்சக்குப்பத்தில் பாதி கடைகளுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டவன் நான். மூன்று எண்ணெய் டின்களைப் படுக்க வைத்து, முன்பக்கத்தை வெட்டி, கூரான விளிம்பை மடக்கித் தட்டினேன். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு பலகை அடித்து, மூன்றையும் வரிசையாக ஏற்றி வைக்கோல் போட்டேன். இருட்டாக இருந்தால்தான் கோழிக்கு முட்டையிட மனசு வரும் என்று டின்னுக்கொரு சாக்குத் திரை வேறு.

எல்லா முட்டையையும் எடுத்துவிட்டால் கோழி வேறு இடம் தேடிப் போய்விடும். அதற்காக ஊரில் எல்லோரும் ஒன்றை விட்டுவைப்பார்கள். நல்ல முட்டையை நான் ஏன் வீணாக்க வேண்டும்? சீலிங் வேலையில் மிஞ்சிய பிளாஸ்டர் மாவில் டின்னுக்கு ஒன்று என்று மூன்று முட்டைகள் பிடித்து வைத்தேன். கோழிகள் ஏமாந்தே போயின. என் மனைவி வினோதினி மட்டும், "ஒங்களுக்கு மூளை ஜாஸ்திதான்" என்றாள்.

முட்டை எடுப்பது எங்கள் மகள் இளமதியின் வேலை. ஏழு வயது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவுவாள். பிளாஸ்டர் முட்டை எடை தெரியும், அதை விட்டுவிடுவாள்.

அந்த வியாழக்கிழமை வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"அப்பா, மூணாவது டின்னுல என்னமோ சீறுதுப்பா."

நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்டர் இரண்டு முறை போன் போட்டுவிட்டார். மூன்றாவது டின்னில் கருப்பி என்கிற கறுப்புக் கோழி நாலு நாளாகப் பிளாஸ்டர் முட்டை மேல் அடை படுத்திருந்தது. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு சீறும். மற்ற கோழிகளும் அதே டின்னில்தான் போய் முட்டையிட்டன.

"கருப்பிதான். அடைக்கோழி சீறத்தான் செய்யும். போய் எடு."

"கருப்பி இல்லப்பா, அது வந்து..."

"ஏய், ஒரு கோழிக்குப் பயந்தா நீயெல்லாம் எப்டிப் பொழைக்கப்போற? போன்னா போ!"

நான் கத்தினால் தெருமுனை வரை கேட்கும். அதில் எனக்கு வெட்கமெல்லாம் இருந்ததில்லை. அவள் போய்விட்டாள்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சமையலறைக்கு வந்தேன். சிங்க்குக்குக் கீழே கருப்பி நின்றுகொண்டு சிந்திய சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

கருப்பி இங்கே இருக்கிறது. அப்படியானால் அங்கே சீறுவது எது?

பின்கதவுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. இளமதி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வலது கை முழங்கை வரை சாக்குக்குள் இருந்தது.

தொண்டை வரை கத்தல் வந்துவிட்டது. கத்தினால் திடுக்கிடுவாள், கை வெடுக்கென்று ஆடிவிடும்.

"கண்ணு," என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிது. "அப்டியே நில்லு. அசையாத."

"எடுத்துட்டு வந்துர்றேம்பா. திட்டாத."

"முட்டை வேணாம்மா. கைய மட்டும் மெதுவா வெளிய எடு. மெதுவா."

வைக்கோல் சரசரத்தது. உள்ளே ஒரு சீற்றம் எழுந்தது. நின்றுவிட்டாள். "ஒண்ணுமில்ல, எடு," என்றேன். முன்கை தெரிந்தது. மணிக்கட்டு தெரிந்தது. விரல் நுனி வெளியே வந்ததும் அவளை வாரித் தூக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தேன். வினோதினி ஓடிவந்து அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

பாம்பு பிடிக்கிற அன்புமணி அரைமணி நேரத்தில் வந்தார். கம்பியால் சாக்கை விலக்கினார். நல்ல பாம்பு. வயிற்றின் நடுவே ஒரு உருண்டை புடைத்திருந்தது. என் பிளாஸ்டர் முட்டையைக் காணோம்.

"முட்டைன்னு முழுங்கிருக்கு சார். செரிக்காம சோந்து கெடக்கு. இல்லன்னா..." குழந்தையைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டார். பாம்பைப் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இளமதி முன்னால் குந்தினேன்.

"உள்ள பாம்புன்னு தெரியாமப் போச்சேம்மா."

"எனக்குத் தெரியும்பா. மொதல்லயே வாலப் பாத்தேன்."

"பாத்துட்டுமா கைய உட்ட?"

"நீ கத்துவல்ல."

வினோதினி என்னையே பார்த்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளையின் தலையைத் தடவலாம் என்று கையை நீட்டினேன். டின்னுக்கு முன்னால் நின்றபோது மூடிக்கொண்டது போலவே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.