எரிக்கத்தக்கவை

அறையில் இருந்தவர்கள்: சங்கத்தைத் தொடங்கிய மேடம், வக்கீல், எட்டுத் தெருவுக்குக் கேட்கும் குரலால் 'மைக்' என்று பெயர் வாங்கிய சுவரொட்டிக்காரன், மனுக்கள் எழுதும் தம்பி, பிறகு தம்பியின் அக்கா. முதல் நால்வரும் கூட்டத்துக்கு வந்தவர்கள். அக்கா பால் கொண்டுவந்தவள். பாத்திரத்தை அடுப்படியில் வைத்துவிட்டு, போகாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. மேடத்தின் தலைக்கு மேலே, சுவரில், அவளே பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரசாரத்துக்காகத் தம்பி எடுத்த படம். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோல் போரில் சாய்ந்து நிற்கிறாள். கீழே கொட்டை எழுத்தில்: 'இதை எரியுங்கள். சோற்றை எரிக்காதீர்கள்.' அந்தப் படம் வந்த நாளில் அக்கா அக்கம்பக்கத்துக்கெல்லாம் அதைக் காட்டிவிட்டு வந்தாள்.

மின் நிலையங்கள் அப்போது சோளத்தை எரித்துக்கொண்டிருந்தன. பசுமை மின்சாரம் என்று அதற்குப் பெயர். அரசாங்கச் சலுகையும் உண்டு. சந்தையில் தானியம் எட்டாத உயரத்துக்குப் போனது. சங்கம் நடத்திய உணவுக்கூடத்தின் வரிசை தெருமுனையைத் தாண்டித் திரும்பியது. மேடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அதிகாரிகளின் கொட்டாவியைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு விதியை வாங்கிவிட்டார். தானியத்தை எரிக்கக் கூடாது; வைக்கோல், தட்டை, உமி முதலிய கழிவுகளை எரிக்கலாம். 'கழிவு' என்ற சொல் சங்கத்தின் மனுவிலிருந்து அப்படியே விதிக்குள் போனது. கூட்டத்துக்கு வந்திருந்த நால்வரும் அதைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டவர்கள்தான். ஒருவருக்கும் மாடு ஞாபகம் வரவில்லை. தம்பி மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப்போட்டு வளர்ந்தவன். அவனுக்கும் வரவில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்ததும் வைக்கோல் வெறும் எரிபொருளாக, 'பயோமாஸ்' ஆகிவிட்டது.

அறுவடை முடிந்த கையோடு லாரிகள் வயலுக்கே வந்து வைக்கோலை வாரிக்கொண்டு போயின. கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அக்காவிடம் மிச்சம் இரண்டு மாடுகள். அவற்றைப் பார்க்க இன்று சாயங்காலம் வியாபாரி வருகிறான்.

"நாளைக்கு அரசாங்கக் கமிட்டி கூடுதாமே," என்றாள் அக்கா. "வைக்கோலை அந்த விதியிலேருந்து எடுக்கச் சொல்லிக் கேக்கப்போறீங்கன்னு தம்பி போன வாரம் சொன்னான். அது நிஜம்தானே? நிஜம்னா வியாபாரியைத் திருப்பி அனுப்பிடுவேன். எப்படியோ உருட்டிப் புரட்டி ஓட்டிடலாம்."

நிஜம்தான். திருத்தம் கேட்கும் மனுவைத் தம்பியே எழுதி, போன வாரம் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தத்தான் இன்று கூட்டம்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கேக்குறது பெரிய விஷயம் இல்லைம்மா. திருத்தச் சொல்லி நாமளே கேட்டா மொத்த விதியும் மறுபடி பேச்சுக்கு வரும். கம்பெனிக்காரங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. தானியத்தையும் உள்ளே நுழைச்சிடுவாங்க."

"நுழைச்சிடுவாங்களா, நுழைச்சாலும் நுழைப்பாங்களா?"

"நுழைச்சாலும் நுழைப்பாங்க."

"அப்போ வந்தாலும் வரும்கிறதுக்காக, வந்துட்டதை நான் தாங்கணும்."

மைக்குக்கு மௌனம் தாங்காது. "அக்கா, கோவப்படாதீங்க. நான் வேணா புதுசா ஒரு போஸ்டர் அடிச்சு…"

"நீ அடிச்சது போதும்டா சாமி. கொட்டகைச் செவுத்துல ஒட்டினியே, அதை மாடு தின்னுடுச்சு. இப்போ அதான் அதுக்குத் தீனி."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரிப்பு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு இடத்தில் நின்றது.

மேடம் பேசினார். "கழிவுன்னு எழுதினது நம்ம தப்பு. நான் மறுக்கல. ஆனா அந்த வரிசைக்கு முன்னால நின்னவ நான். தட்டோட வந்த புள்ளைங்களை, சட்டி காலின்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கேன். இன்னொரு தடவை என்னால முடியாது. உங்களைக் காவு குடுத்தாச்சும் அதைத் தடுக்கணும்னுதான் தோணுது. அப்படித் தோணுறது எனக்கே பிடிக்கல."

அவர் பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று தம்பிக்குப் பட்டது. எதிர்த்துப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கைகளும் உயர்ந்தால்தான் தீர்மானம். ஏற்கவும் அப்படித்தான், கைவிடவும் அப்படித்தான். பின்னால் யாரும் 'நான் அப்பவே சொன்னேன்' என்று பேசக் கூடாது என்பதற்காக மேடம் கொண்டுவந்தது. மனுவைக் கைவிட மேடம் கை தூக்கினார். வக்கீல் தூக்கினார். மைக் மேஜையைப் பார்த்துக்கொண்டே தூக்கினான்.

தம்பியின் கை மேஜைமேல் கிடந்தது. அது அங்கேயே கிடந்தால் போதும், மனு நாளைக்குக் கமிட்டிக்குப் போய்விடும். அவன் அந்த வரிசையை நினைத்தான். விடுமுறை நாட்களில் அவனும் அங்கே பரிமாறியவன். கழுவத் தேவையில்லாத அளவுக்கு வழித்துத் தின்ற தட்டுகள் அவன் கைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. கொட்டகையை நினைத்தான். இரண்டையும் எடை போட்டதாகத்தான் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த நேரத்தில் உண்மையில் அவன் மனசில் ஓடியது வேறு. அக்காவுக்காகத்தான் முட்டுக்கட்டை போடுகிறான் என்று இவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். நினைப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும், அவன் தேநீர் எடுத்துக்கொள்ளும்போதெல்லாம், நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவன் கையைத் தூக்கினான்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். புதிதாக வாங்கிய சாமானைப் பார்ப்பதுபோல, கொஞ்ச நேரம்.

"சரி. இறக்குடா. வலிக்கப் போகுது."

எழுந்தாள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். "பாலைக் காய்ச்சிடுங்க மேடம், திரிஞ்சிடும். நாளையிலேருந்து வேற ஆளைப் பாத்துக்குங்க."

"அக்கா, இரு. நானும் வரேன். அந்த ஆள்கிட்டே நான் பேசறேன்."

"என்னன்னு பேசுவே?"

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"அவன் பாவம், மாடு வாங்க வரான். அவன்கிட்டே என்ன இருக்கு பேச? நீ கூட்டத்தை முடி. இன்னும் என்னென்னவோ இருக்கும் உங்களுக்கு."

இருந்தது. அடுத்து உணவுக்கூடத்துக்குப் புது அடுப்பு பற்றிப் பேச வேண்டும். வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் புரட்டினார். மேடம் மட்டும் அக்கா போவதையே பார்த்திருந்தார். எழுந்து போய்த் தொடலாமா என்று கேட்பதுபோல அவர் கை ஒருமுறை மேஜையிலிருந்து எழும்பித் திரும்ப அமர்ந்தது.

ஒருக்களித்திருந்த கதவின் மேல்பாதி மங்கலான கண்ணாடி. அதற்கு அப்பால் அக்காவின் உருவம் குனிந்து, செருப்பைத் தேடி, ஒரு காலை மாட்டி, மற்றதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் நடக்கும்போது கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பதும் சங்கத்து வழக்கம்தான். மைக் எழுந்துபோய், அந்த உருவம் நிமிரும்வரை கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். பிறகு சத்தம் வராமல் சாத்தி, சாவியைத் திருப்பினான்.