இடப்பக்கம் ஒரு கை அகலம்

தொடாதே, தொடாதே, தொட்டால் எல்லாம் போச்சு... பியோ மான்சிக்கின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்குக்கு மேலே அந்தரத்தில் நின்றன. இடப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளிநிறக் கார் சட்டென்று குறுக்கே மூக்கை நுழைக்க, லாரி தானாகவே பிரேக் பிடித்தது, எப்படிப் பிடித்தது பார், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி! பின்னால் தொட்டிகளில் தட்டைமீன்கள், அத்தனையும் உயிரோடு, தண்ணீர் ஒரே ஒரு தடவை களுக்கென்றது, அவ்வளவுதான். தோங்யோங் துறைமுகத்திலிருந்து சியோல் மீன்சந்தை வரைக்கும் மனிதக் கை படாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் கம்பெனியின் நாற்பது லாரிகளும் இப்படியே ஓடும், ஒரு விரல் பட்டால் சோதனை தோல்வி. யார் ஓட்டுகிற மாதிரி ஓடப்போகின்றன? மான்சிக் ஓட்டுகிற மாதிரி! இரண்டு வருஷமாக இந்த லாரியின் பெடலில், சக்கரத்தில், தொட்டித் தண்ணீரில் எல்லாம் சென்சார் பொருத்தி, அவர் கால் எவ்வளவு அழுத்துகிறது, வளைவில் தண்ணீர் எவ்வளவு சாய்கிறது, மீன் எப்போது மூச்சுக்குத் தவிக்கிறது என்று ஒன்று விடாமல் உறிஞ்சிக்கொண்டார்களே, எதற்கு? கம்பெனியிலேயே மீன் சாகாமல் கொண்டுபோகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால்தானே... கூட லாரி ஓட்டுகிற போங்குக்கு வயிற்றெரிச்சல், காலையில் மீன் ஏற்றும்போதுகூட, “ஏண்டா மான்சிக், உன் பொழப்புக்கு உலை வைக்கிறாங்க, நீயே விறகு பொறுக்கிக் குடுக்கிறியே?” என்றான். “நீ ஓட்டுறதைப் பாத்துக் கத்துக்கிட்டிருந்தா மீனெல்லாம் வழியிலயே சூப்பாயிருக்கும்டா!” என்று இவர் திருப்பிக் கொடுத்ததில் துறைமுகமே சிரித்தது. போங் விடுவானா, வலையிலிருந்து ஒரு தட்டைமீனைத் தூக்கிக் காட்டி, “இதைப் பாரு, ரெண்டு கண்ணும் இடப்பக்கமே! இதுக்கு லைசென்ஸ் குடுத்தா இடப்பக்கத்துல எவனும் முந்த முடியாது” என்றான். அதற்கும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மான்சிக்தான். ஏன் அவ்வளவு சத்தமாக... சரி விடு, அது எதற்கு இப்போது.

“டிரைவரய்யா, கையைக் கீழ வைங்க, எனக்கே பயமா இருக்கு!” ஸ்பீக்கரில் செரின், கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண். வைக்கிறேம்மா, வைக்கிறேன்... மடியில் வைத்தார். பெற்ற மகனுக்குக்கூட இந்தக் கை வரவில்லை, அவன் காபிக்கடை வைத்துவிட்டான், இந்த இரும்புக்கு வந்திருக்கிறது, தன் கால் அழுத்தம், தன் பொறுமை, மூச்சை இழுத்துப் பிடித்து வளைவில் திரும்பும் தன் வழக்கம்கூட. நாளைக்கு நாற்பது மான்சிக்குகள் இந்த நெடுஞ்சாலையில்... நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தள்ளியது. இதோ, இடப்பக்கம் ஒரு பஸ் முந்துகிறது, கொரியாவில் முந்துவதெல்லாம் அந்தப் பக்கம்தானே, லாரி மெல்ல வலப்பக்கம் ஒரு கை அகலம் ஒதுங்குகிறது, அதேதான், அப்படியே தன் ஒதுங்கல்தான், ஆனால் வலப்பக்கம் சாலை வேலை, ஆளுக்குப் பதிலாக நிறுத்திய, ஆரஞ்சு உடுப்பு போட்டுக் கொடியாட்டும் இயந்திரப் பொம்மை ஒன்று, கண்ணாடிக்கு அவ்வளவு கிட்டே வந்து போனதில் கொடி சடசடத்தது. கைகள் தாமாக எழுந்தன. தொடவில்லை. தொட்டிருக்கணுமோ? பொம்மைதானே... இன்றைக்குப் பொம்மை.

“சூப்பர் டிரைவரய்யா! சந்தைக்கு இன்னும் பத்தே நிமிஷம். சாயந்தரமே நாப்பது வண்டிக்கும் நீங்க ஓட்டுற விதத்தை ஏத்திடறோம்.” அப்புறம் குரலில் ஒரு தயக்கம். “ஒண்ணு மட்டும் புரியலை. வண்டிக்கு இடப்பக்கம் மட்டும் ஏழு கேமரா, எல்லாம் பளிச்சுனு பாக்குது. இருந்தும் அந்தப் பக்கம் எது வந்தாலும் வலப்பக்கமா ஒதுங்குது, இடப்பக்கம் திரும்பணும்னா ரெண்டு தரம் யோசிக்குது. எங்க டீம்ல அதுக்கு ‘பியோ இடைவெளி’ன்னே பேர் வெச்சுட்டோம். அதுல என்ன சூட்சுமம்? சொல்லுங்களேன்.”

சூட்சுமமா... அனுபவம்மா என்று சொல்ல நாக்கு எழுந்தது, ஆகா, தன் பெயரில் ஒரு இடைவெளி, எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லிவிட்டால் பெயரும் போகும், லைசென்ஸும் போகும், சொல்லாவிட்டால்... கண்ணுக்குள் அந்தக் கொடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, நாற்பது லாரி, தினமும் அந்த வழியே, எல்லா இடத்திலும் பொம்மையா நிற்கும்?

“லைன்ல இருக்கீங்களா, டிரைவரய்யா?”

இருக்கிறேம்மா... மான்சிக் வலது கண்ணை மட்டும் மெல்ல மூடிப் பார்த்தார். சாலை இல்லை, லாரி இல்லை, செரினின் குரல் மட்டும் இருந்தது. ஆறு வருஷமாக அவருடைய இடது கண் இருட்டு.